நீல ஒளி எரிகிறது, கிருமி சாகிறதா?

கொரோனா ஓய்ந்த பிறகும் டெல்டா ஊர்களின் கிளினிக்குகளில் தங்கிவிட்ட பொருள்களில் ஒன்று, சுவரில் மாட்டிய நீல டியூப், அதாவது கிருமி கொல்லும் புற ஊதா விளக்கு. சில இடங்களில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு நேரே அது எரிந்துகொண்டிருக்கும். சில இடங்களில் 'யாரும் போடாதீங்க' என்று ஸ்விட்சின் மேல் பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். முதலாவது ஆபத்து. இரண்டாவதில் ஆபத்து இல்லை, பலனும் இல்லை. ஒழுங்காக அமைத்தால் இந்த விளக்கு காற்றில் மிதக்கும் கிருமியை நன்றாகவே கொல்லும். எந்த உயரத்தில் மாட்டுவது, எந்தச் சுவரில், எவ்வளவு நேரம் என்பதில்தான் சூட்சுமம். காவிரிப் படுகையின் ஈரக்காற்று, சீலிங் ஃபேன், லோ வோல்டேஜ், பொங்கலுக்கு முந்தைய வெள்ளையடிப்பு எல்லாமே அந்தக் கணக்குக்குள் வரும்.

இதை விளங்கிக்கொள்ள வீட்டு டியூப்லைட்டிலிருந்து தொடங்கலாம். அதற்குள் இருப்பது துளி பாதரசத்தின் ஆவி. மின்சாரம் பாய்ந்ததும் அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை, குறிப்பாக 253.7 நானோமீட்டர் அலைநீளத்தில், உமிழ்கிறது. குழாயின் உள்பக்கம் பூசிய வெள்ளைப் பவுடர் அதை வாங்கி வெளிச்சமாக மாற்றித் தருகிறது. கிருமிநாசினி டியூபும் அதே சாதிதான். பவுடர் கிடையாது, சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை விடாது என்பதால் குவார்ட்ஸ் அல்லது தனி வகைக் கண்ணாடியில் செய்திருப்பார்கள். வெளியே வரும் 254 நானோமீட்டர் கதிர் கிருமியின் மரபணு இழையில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். ஒட்டிய இழையைப் படியெடுக்க முடியாது. வைரஸ் அப்படியே இருக்கும், ஆனால் பெருகாது.

நாம் காணும் நீலம், பாதரச ஆவி உமிழ்வதில் கண்ணுக்குத் தெரியும் சிறு பங்கு, அவ்வளவே. விளக்கு பழசாகப் பழசாகக் கண்ணாடி கறுத்துப் புற ஊதா குறைந்துகொண்டே வரும். நீலம் மட்டும் முன்போலவே தெரியும். பெரும்பாலான டியூப்களின் ஆயுள் 9000 மணி. இரவு பகலாக எரித்தால் ஒரு வருஷம், நாளுக்கு 10 மணி எரித்தால் இரண்டரை வருஷம். அதற்கு மேல் எரிவது அலங்காரம். 2020இல் வாங்கிய டியூபை இன்னும் மாற்றாதவர்கள் இந்த வரியை மறுபடி ஒருமுறை படிக்கலாம்.

கணக்கு

கதிரின் வலு, அது விழும் நேரம், இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் டோஸ். வலுவை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோவாட் என்பார்கள். டோஸை இத்தனை மில்லிஜூல் என்பார்கள். இனி வரும் மைக்ரோவாட், மில்லிஜூல் எண்கள் எல்லாமே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு.

மூன்றடி நீளமுள்ள 30 வாட் டியூப் கிட்டத்தட்ட 12 வாட்டைப் புற ஊதாவாகத் தரும். புது டியூபிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் வலு சுமார் 100 மைக்ரோவாட். கொரோனா வைரஸ் சுத்தமான பரப்பில் மெல்லிய படலமாக இருந்தால் 5 மில்லிஜூலில் 99 விழுக்காடு செயலிழப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டின. ஒரு மீட்டரில் அதற்கு 50 விநாடி போதும். மூன்று மீட்டர் தள்ளிப்போனால் வலு ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். ஏழரை நிமிஷம் வேண்டும். கதிர் நேராக விழாமல் சாய்ந்து விழுந்தால் இன்னும் கூடும். என்95 மாஸ்க்கின் உள்மடிப்புக்குள் இருக்கும் கிருமிக்கு 1000 மில்லிஜூல் வேண்டும் என்று அந்த நாளில் வழிகாட்டிகள் சொன்னன. அதே டியூப், அதே ஒரு மீட்டர் என்றால் இரண்டே முக்கால் மணி நேரம். அதுவும் மாஸ்க்கின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக.

இந்தக் கணக்கின் மறுபக்கம்தான் பயப்பட வேண்டியது. 254 நானோமீட்டருக்கு மனிதக் கண்ணும் தோலும் எட்டு மணி நேரத்தில் தாங்கலாம் என்று வகுத்த எல்லை 6 மில்லிஜூல். ஒரு மீட்டரில் 100 மைக்ரோவாட் என்றால் அது 60 விநாடியில் முடிந்துவிடும். மூடியில்லாத டியூபின் கீழே ஒரு நிமிஷம் நின்றால் அன்றைய கோட்டா தீர்ந்தது. டோக்கனோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பவரின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

பரப்புகள்

கைப்பிடி, கட்டில், மேசை, வீல்சேர் இவற்றுக்குப் புற ஊதாவை நம்பலாமா என்றால், நம் பரிந்துரை சோப்புத் தண்ணீரும் துணியும்தான். ஒளி நேர்கோட்டில் போகும். கட்டில் சட்டத்தின் கீழ்ப்பக்கத்தைத் தொடாது. தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் அதைக் குடித்துவிடும். மேலே ஒரு துணி கிடந்தாலே அதன் கீழே கதிர் இல்லை.

ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ 2020 மே மாதத்தில் அறிமுகப்படுத்திய புற ஊதாக் கோபுரத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதில் ஆறு விளக்குகள், ஒவ்வொன்றிலும் 43 வாட் புற ஊதா வெளியீடு. அதை வைத்து 12க்கு 12 அடி அறைக்குப் பத்து நிமிஷம் என்றார்கள். 400 சதுர அடி என்றால் 30 நிமிஷம், அதுவும் கருவியை இடம் மாற்றி மாற்றி வைத்து. நிழல் பிரச்சினை அவர்களுக்கும் உண்டு என்பது அந்த 'மாற்றி மாற்றி'யிலேயே தெரிகிறது. ஆறு விளக்கும் சேர்ந்து 258 வாட். நம் சுவரிலிருக்கும் ஒற்றை டியூப் 12 வாட், இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தப் பத்து நிமிஷ வேலைக்கு இதற்கு மூன்றரை மணி நேரம் ஆகும். இருக்கும் இடத்தைவிட்டு நகராது என்பதால் நிழல்கள் நிழல்களாகவே இருக்கும்.

ராத்திரி முழுக்க ஆபரேஷன் தியேட்டரில் எரியவிடும் வழக்கத்துக்கு ஓரளவு அர்த்தம் உண்டு: ஆள் இல்லை, நேரம் நிறைய இருக்கிறது. ஆனால் துடைப்பதற்குப் பதிலாக அதைச் செய்யக்கூடாது. துடைத்த பிறகு செய்யலாம். அப்படி எரித்துக்கொண்டே இருந்தால் ரெக்ஸின் மெத்தை வெடிக்கும், ரப்பர் குழாய் விறைக்கும், வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகும். இதை விளக்கு விற்பவர் சொல்ல மாட்டார்.

கையில் பிடித்து ஆட்டும் 'யூவி குச்சி' பற்றி ஒரே வரி: கதிர் போதுமான வலுவோடு இருந்தால் கைக்கும் கண்ணுக்கும் ஆபத்து, இல்லாவிட்டால் கிருமிக்கு ஆபத்து இல்லை. அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022இல் சில குச்சிகளைப் பெயர் சொல்லியே 'பயன்படுத்தாதீர்கள்' என்றது. இணையத்தில் மலிவாக வரும் பல பொருள்களில் இருப்பது 395, 405 நானோமீட்டர் ஊதா எல்இடி. கள்ளநோட்டு பார்க்கிற வகை. அது கிருமிநாசினிக் கதிர் கிடையாது. கைகழுவ இந்த விளக்கைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இலேயே சொல்லிவிட்டது.

பாய், தலையணை, போர்வைக்கு நம்மிடம் வெயில் இருக்கிறது. தரைக்கு வந்துசேரும் வெயிலில் 254 நானோமீட்டர் இல்லை. ஓசோன் படலம் அதை மேலேயே பிடித்துவிடும். ஆனால் அதைவிட நீளமான புற ஊதா பி வருகிறது. கோடை உச்சத்தில் 40 பாகை வடக்கில் அடிக்கும் வெயிலுக்கு ஒப்பான ஒளியில், எச்சில் போன்ற திரவத்தில் பரப்பின் மேல் இருந்த கொரோனா வைரஸ் ஏழு நிமிஷத்துக்கு ஒருமுறை 90 விழுக்காடு செயலிழந்தது என்று 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வகம் கண்டது. தஞ்சாவூர் இருப்பது 11 பாகைக்குச் சற்றுக் கீழே. சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி முதல் பாதியிலும் நடுப்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும். மொட்டைமாடியில் ஒரு மணி நேரம், திருப்பிப்போட்டு இன்னொரு மணி நேரம். பாய்க்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

காற்று

இந்த விளக்கின் உண்மையான இடம் காற்றுதான். 1930களில் அமெரிக்காவில் வில்லியம் வெல்ஸ் என்பவர், சளித்துளி காய்ந்து சிறுத்து மணிக்கணக்கில் மிதக்கும் என்று காட்டினார். அதைக் கொல்ல அறையின் மேற்பகுதியில் மட்டும் புற ஊதா பாய்ச்சும் 'மேலறை' முறையைப் பிலடெல்பியா புறநகர்ப் பள்ளிகளில் 1937 முதல் 1941 வரை சோதித்தார். தட்டம்மை அலை வந்தபோது விளக்கிருந்த வகுப்புகளில் பரவல் தெளிவாகக் குறைந்தது. பின்னால் வேறு ஊர்களில் செய்த சோதனைகளில் அந்த அளவு பலன் தெரியவில்லை. பள்ளியில் விளக்கு இருந்தும் பிள்ளைகள் அடைசலான பள்ளி பஸ்ஸில் ஒன்றாகப் போய்வந்தார்கள். விளக்கு தன் அறையைத்தான் காக்கும்.

அதற்கடுத்துப் பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலி காசநோய் வார்டின் காற்றைக் கினிப்பன்றிக் கூண்டுகளுக்கு அனுப்பினார். நேராகப் போன காற்றைச் சுவாசித்தவற்றுக்கு நோய் வந்தது. புற ஊதா பட்டுப்போன காற்றைச் சுவாசித்தவை தப்பின. மருந்து வந்து காசநோய் பயம் குறைந்ததும் உலகம் இதை மறந்தது. பெரு நாட்டின் லிமாவில் ஒரு காசநோய் வார்டில் அதே மாதிரிச் சோதனையை மறுபடி செய்து 2009இல் வெளியிட்டார்கள். விளக்கில்லாத நாள்களின் காற்றைச் சுவாசித்த கினிப்பன்றிகளில் 35 விழுக்காட்டுக்குத் தொற்று. மேலறை விளக்கும் காற்றைக் கலக்கும் ஃபேனும் ஓடிய நாள்களின் காற்றில் 9.5 விழுக்காடு. தென்னாப்பிரிக்காவில் 2015இல் வந்த ஆய்வு கிட்டத்தட்ட 80 விழுக்காடு பலன் என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 காசநோய்த் தடுப்பு வழிகாட்டியில் இந்த முறை இடம்பெற்றதற்கு இவைதான் அடிப்படை.

லிமா நமக்கு முக்கியம். ஏனென்றால் அதுவும் கடலோர ஊர், ஈரக்காற்று உள்ள ஊர். ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் போனால் விளக்கின் பலன் குறையும் என்று அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனமான நியோஷின் 2009 வழிகாட்டி எச்சரிக்கிறது. ஈரக்காற்றில் துளி தண்ணீரை உறிஞ்சிப் பருக்கும், கிருமியும் கூடுதலாகத் தாங்கும். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் 80ஐத் தாண்டுவது சகஜம். ஆகவே இங்கே கணக்கைச் சரியாகப் போட்டு, கொஞ்சம் தாராளமாகவும் போட வேண்டும். வேலையே செய்யாது என்று கைவிடவும் காரணமில்லை; லிமா அதற்குச் சாட்சி.

ஆனால் முதலில் ஜன்னல். அதே லிமாவில் 2007இல் அளந்தார்கள். கதவு ஜன்னல் எல்லாம் திறந்த வார்டுகளில் காற்று மணிக்கு 28 தடவை மாறியது. இயந்திரக் காற்றோட்ட அறைகளில் 12 தடவை. உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள ஐம்பது வருஷத்துப் பழைய கட்டடங்களில் 40, புதியவற்றில் 17. செங்கிப்பட்டி போன்ற இடங்களில் காசநோய் மருத்துவமனையை ஊருக்கு வெளியே, திறந்த வெளியில் வைத்ததன் பின்னால் இருப்பது இந்த அறிவுதான். முற்றம் வைத்த டெல்டா வீடுகளில் சூடான காற்று முற்றத்தின் வழியே மேலேறிப்போக, திண்ணைப் பக்கமிருந்து புதுக்காற்று உள்ளே வரும். அப்படிப்பட்ட வீட்டில் கிளினிக் நடத்துகிற டாக்டர் விளக்கு வாங்க வேண்டியதில்லை.

விளக்கு வேண்டியது எப்போது? சாயங்காலம் ஆறு மணிக்கு ஓபி தொடங்கும். அதே ஆறு மணிக்குக் கொசு வரும், ஜன்னலைச் சாத்துவார்கள். ஐப்பசியில் மழைச்சாரல் வேறு. உள்ளே ஸ்பிலிட் ஏசி இருந்தால் கேட்கவே வேண்டாம். அது வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, உள்ளிருப்பதையே குளிரவைத்துச் சுற்றிவிடும். சளிக்காய்ச்சல்காரர்கள் அதிகம் வருவதும் அந்த மாதங்களில்தான். கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது காற்று குறைவாக இருக்கும் அந்த மூன்று மணி நேரத்துக்குத்தான் டெல்டாவில் புற ஊதா.

ஓர் அறை

12க்கு 15 அடி காத்திருப்பு அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். 1800 கன அடி, அதாவது 51 கன மீட்டர். மேலறை முறைக்குத் தென்னாப்பிரிக்க ஆய்விலிருந்து வந்த கட்டைவிரல் விதி: அறையின் ஒவ்வொரு கன மீட்டருக்கும் சுமார் 12 மில்லிவாட் புற ஊதா, விளக்குப்பெட்டியை விட்டு உண்மையில் வெளியே வர வேண்டும். 51 கன மீட்டருக்கு 600 மில்லிவாட்டுக்குச் சற்று மேல். ஈரப்பதத்துக்காகக் கூட்டி 900 என்று வைக்கலாம்.

டியூபே 12 வாட் தருகிறதே, ஒரு வாட்டுக்கும் குறைவான தேவைக்கு அது போதாதா என்று தோன்றும். இங்கேதான் விற்பனைத் தாளில் ஏமாறுகிறார்கள். பத்தடிக் கூரையுள்ள அறையில் பெட்டியின் முன்னால் நெருக்கமான கறுப்புத் தகடுகள் வரிசையாக இருக்க வேண்டும். அவை கதிரைத் தட்டையாக்கி, தலைக்கு மேலே படுக்கைவாட்டில் மட்டும் அனுப்பும்; கீழே சாயும் கதிரை விழுங்கிவிடும். விழுங்கப்படுவது கொஞ்சநஞ்சமில்லை: டியூப் உமிழ்வதில் நூற்றுக்குச் சில பங்கே வெளியே தப்பும். எனவே '36 வாட் யூவி' என்ற பேச்சுக்கு அர்த்தமில்லை. பெட்டியிலிருந்து மொத்தம் எத்தனை மில்லிவாட் வெளியே வருகிறது, அளந்த அறிக்கை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் அந்தக் கடையில் வாங்க வேண்டாம்.

பெட்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து ஏழடிக்குக் குறையக்கூடாது. கூரை எட்டடிக்கும் தாழ்வாக இருந்தால் இந்த முறையே வேண்டாம். எதிர்ச்சுவரில் பெரிய கண்ணாடி, பளபளப்பான எவர்சில்வர் தகடு, தகரக் கூரைக்கடியில் வெயிலுக்காக ஒட்டும் அலுமினிய ஷீட் எதுவும் மேல்பகுதியில் இருக்கக்கூடாது. அலுமினியம் இந்தக் கதிரில் பெரும்பகுதியை அப்படியே கீழே தலையில் கொட்டும்.

சுவர் வண்ணத்தில் ஒரு விசித்திரம் உண்டு. கண்ணுக்கு இரண்டுமே வெள்ளைதான். 254 நானோமீட்டருக்கு ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. இன்றைய எமல்ஷன் பெயின்ட்டில் வெண்மைக்குச் சேர்ப்பது டைட்டானியம் டையாக்சைடு. அது புற ஊதாவைக் குடித்துவிடும், திரும்பி வருவது சொற்பம். சுண்ணாம்பு அப்படியில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பு அடித்த பழைய சுவர் கணிசமான பங்கைத் திருப்பி அனுப்பும். மேலறை விளக்கு வைத்த அறையில் சுவரின் மேல்பகுதிக்கு எமல்ஷன் அடித்தால் கீழே கசியும் கதிர் குறையும். சுண்ணாம்புச் சுவர் இருந்தால் மீட்டர் வைத்து அளந்த பிறகே ஆளை உட்காரவைக்க வேண்டும்.

அடுத்தது ஃபேன். மேலறை முறை முழுக்க ஃபேனின் தயவில் நடப்பது. கதிர் மேலே, கிருமி கீழே. கீழ்க்காற்றை மேலே ஏற்றி இறக்கினால்தான் இரண்டும் சந்திக்கும். மே மாதம் மொட்டைமாடித் தளம் காய்ந்து கொதிக்கும்போது சூடான காற்று கூரையடியில் படலமாக நின்றுவிடும்; கீழிருக்கும் காற்று ஏறவே ஏறாது. அந்தப் படலத்தை ஃபேன்தான் உடைக்கும். நல்லவேளையாக நம் ஊரில் அதை யாரும் அணைப்பதில்லை. ஃபேன் இறக்கை கதிரின் பாதையில் சுற்றும் என்பதால் அது குரோமியம் மெருகு பூசியதாக இருக்கக்கூடாது. சாதாரண பெயின்ட் அடித்த இறக்கை என்றால் பிரச்சினை இல்லை.

மாட்டி முடித்ததும் அளக்க வேண்டியது இரண்டு. மேலே கதிர்ப் பாதையில் 30 முதல் 50 மைக்ரோவாட் இருக்க வேண்டும். கீழே, நிற்பவரின் கண் உயரமான ஐந்தரை அடியில், 0.2ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். எட்டு மணி நேரமும் அதே இடத்தில் இருந்தாலும் 6 மில்லிஜூல் எல்லையைத் தாண்டாத அளவு அது. ரிசப்ஷனில் நாள் முழுக்க ஒரே நாற்காலியில் இருப்பவரின் கண் உயரத்தில் தனியாக அளப்பது அவசியம். நோயாளி எழுந்து போய்விடுவார், அவர் போக மாட்டார். மீட்டர் 254 நானோமீட்டருக்கான சென்சார் உள்ளதாக இருக்க வேண்டும். வெயில் அளக்கும் மலிவு மீட்டர் இதற்குப் பூஜ்யம் காட்டும். அதைப் பார்த்துப் பத்திரம் என்று நினைத்தால் ஆபத்து.

மேலறை முறைக்கு இடமில்லாதவர்கள் ஃபேன் வைத்த மூடிய பெட்டியை வாங்குகிறார்கள். கதிர் வெளியே வராது, ஆள் இருக்கும்போதே ஓடலாம். இதற்கு உள்ளே ஒரு கணக்கு, வெளியே ஒரு கணக்கு. ஒரு மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் சதுர வாய் உள்ள பெட்டி வழியே மணிக்கு 100 கன மீட்டர் காற்று போனால், ஒவ்வொரு துளியும் உள்ளே ஒன்றரை விநாடிக்குச் சற்றுக் குறைவாகத் தங்கும். 30 வாட் டியூபிலிருந்து பத்து சென்டிமீட்டரில் வலு 2000 மைக்ரோவாட் அளவில் இருக்கும். ஒரு தடவை கடந்துபோகும்போது கிடைப்பது சுமார் 3 மில்லிஜூல். மிதக்கும் வைரஸுக்கு அது நல்ல அடி. உள்கணக்கு சரி. வெளிக்கணக்கில் உதைக்கும்: 51 கன மீட்டர் அறைக்கு மணிக்கு 100 என்றால் இரண்டே காற்று மாற்றம். அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி 2023இல் சொன்ன குறைந்தபட்ச இலக்கு ஐந்து. அதற்கு 255 கன மீட்டர் வேண்டும். ஃபேன் வேகத்தைக் கூட்டினால் தங்கும் நேரம் குறையும். ஆக, அந்த அறைக்கு இரண்டு பெட்டி, கூடவே ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன். சத்தம் பொறுக்காமல் ஃபேனைக் குறைத்து வைப்பதுதான் இந்தப் பெட்டிகளின் வழக்கமான சாவு.

பெரிய ஏசி டக்ட் உள்ள கட்டடத்தில் விளக்கை டக்ட்டுக்குள்ளேயே வைப்பார்கள். சண்டிகரிலுள்ள அறிவியல் கருவி ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஓ வடிவமைத்த அப்படியொரு அமைப்பைப் பழைய நாடாளுமன்ற மைய மண்டபத்தில் பொருத்தினார்கள். நம் கல்யாண மண்டபங்கள் பலவற்றில் டக்ட் கிடையாது. பந்தி நடக்கும் ஹாலில் ஜன்னலும் எக்ஸாஸ்ட்டும்தான் வழி. 222 நானோமீட்டர் என்று இப்போது பேசப்படும் கிரிப்டான் குளோரைடு விளக்கு தோலுக்குள் ஆழப் போகாது, ஆள் இருக்கும் இடத்திலேயே எரிக்கலாம் என்பது உண்மை. வடிகட்டி இல்லாத மலிவு ரகத்தில் மற்ற அலைநீளங்களும் கலந்து வரும், மூடிய ஏசி அறையில் ஓசோனும் சேரும்.

ஓசோன் பாதரச விளக்கிலும் வரலாம். டியூபின் கண்ணாடி 185 நானோமீட்டரையும் விட்டால் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஓசோனாகும். ஆள் புழங்கும் இடத்துக்கு 'ஓசோன் இல்லாதது' என்று குறித்த டியூபே வாங்க வேண்டும். காரமான மின்பொறி வாடை அடித்தால் தப்பான டியூப் என்று அர்த்தம். மூச்சிரைப்புக்காரர்களுக்கு அது ஆகாது.

கெடுவது எப்படி

லோ வோல்டேஜ் ஊரில் பழைய காப்பர் சோக்கும் ஸ்டார்ட்டரும் போட்டால் டியூப் மினுக்கி மினுக்கி எரியும். ஒவ்வொரு மினுக்கலும் முனையின் ஆயுளைத் தின்னும். அகன்ற வோல்டேஜ் தாங்கும் எலக்ட்ரானிக் சோக் போடுவது நல்லது. கரண்ட் போனால் ஃபேனும் விளக்கும் இரண்டுமே இன்வெர்ட்டரில் ஓட வேண்டும். ஃபேன் இல்லாத விளக்கால் பாதிப் பலன்கூட இல்லை. இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். அடிக்கடி போட்டு அணைப்பதும் டியூபுக்கு ஆகாது. ஓபி தொடங்கும்போது போட்டால் முடியும் வரை எரியட்டும். ஏசியின் குளிர்காற்று டியூப் மேல் நேராக அடித்தால் பாதரச ஆவி அழுத்தம் குறைந்து கதிரும் குறையும்.

டியூபின் மேல் படிவதற்கு நம்மிடம் பொருளுக்குப் பஞ்சமில்லை. காலையில் சாம்பிராணி, மாலையில் கொசுவர்த்தி, அறுவடைக் காலத்தில் நெல்தூசி. நீல ஒளியைத் தேடி வரும் பூச்சிகள் தகடுகளுக்கு நடுவே செத்துக் கிடக்கும். மாதம் ஒருமுறை ஸ்விட்சை அணைத்து, டியூப் ஆறியதும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு இல்லாத துணியால் டியூபையும் தகடுகளையும் துடைக்க வேண்டும். வெறும் விரலால் தொட்டால் ரேகை எண்ணெய் சூட்டில் ஒட்டிக்கொண்டு அந்த இடம் மங்கும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் டியூபின் முள்ளும் ஹோல்டரும் பச்சை பிடிக்கும். டியூபைக் குறை சொல்வதற்கு முன் ஹோல்டரைப் பார்க்க வேண்டும். மேல்சுவரில் சாமி படத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் மாலை ஆறு மாதத்தில் நொறுங்கி உதிரும். படம் தப்பிக்கும், கண்ணாடி காப்பாற்றும்.

கண்ணில் கதிர் பட்டால் உடனே தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடு ராத்திரியில், கண்ணில் மணலை வாரிப் போட்டாற்போல் அறுக்கும், நீர் கொட்டும், விளக்கைப் பார்க்க முடியாது. வெல்டிங் பட்டறைப் பையன்களுக்கு நன்றாகத் தெரிந்த வலிதான். ஓரிரு நாளில் ஆறிவிடும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடுவது, மருந்துக்கடையில் மரத்துப்போகச் செய்யும் சொட்டு கேட்டு வாங்குவது எதுவும் வேண்டாம். கண்ணை மூடி, ஈரத்துணி வைத்து, காலையில் கண் டாக்டரிடம் போக வேண்டும்.

அதிகம் அடிபடுவது டாக்டரோ நோயாளியோ இல்லை. ஏணி போட்டு மேலே ஏறுகிறவர்: ஃபேன் துடைக்க வரும் அம்மா, ஏசி சர்வீஸ் பையன், பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிக்க வரும் பெரியவர். கீழே 0.2 இருக்கும் அறையில் ஏணியின் மேல்படியில் 50 இருக்கும். இரண்டு நிமிஷத்தில் அவருடைய எல்லை முடிந்துவிடும், அவர் அரை நாள் அங்கே நிற்பார். எனவே இந்த விளக்கின் ஸ்விட்ச் ஃபேன், டியூப்லைட் போர்டில் இருக்கக்கூடாது. தனியாக, பூட்டும் வசதியோடு, 'மேலே ஏறுமுன் அணைக்கவும்' என்று தமிழில் எழுதி, சாவி ஒருவர் கையில். டியூப் உடைந்தால் ஃபேனை அணைத்து, ஜன்னலைத் திறந்து, எல்லாரும் கால் மணி நேரம் வெளியே. துடைப்பம் போட்டால் பாதரசம் பரவும்; கெட்டி அட்டையால் வாரி, செல்லோடேப்பால் துகளை ஒற்றியெடுத்து, மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும். வெள்ளையடித்து முடிந்ததும் என்ன பெயின்ட் என்று கேட்டு, மீட்டரை எடுத்துக் கண் உயரத்தில் மறுபடி அளந்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும்.